வெளிநாட்டு ரோட்டில் வண்டி நின்றபோது வந்தவர்கள்

செக்காலை, காரைக்குடி:
நேபாளத்து முக்திநாத் கோயிலுக்கு பைக்கில் போய்வந்த கதையை முழுதாக எழுதப் போவதில்லை. கோரக்பூர் வரை ரயில் பார்சல், சோனௌலி எல்லையில் பன்சார் எனும் வண்டிச் சுங்க ரசீது, பேனிக்கு மேலே ரோடு எப்படி இருக்கும் என்பதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரே ஓர் ஆள்தான் மனசை விட்டுப் போகவில்லை.

ரூப்சே அருவி தாண்டி காசா ஏற்றத்தில் கிளட்ச் கேபிள் லீவர் பக்கம் அறுந்தது. மாற்றுக் கேபிள் தம்பியின் பையில். அவன் ஜோம்சோம் நோக்கி முன்னால் போய்விட்டான், போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒருவர் இறங்கி வந்தார். நான் வைத்திருந்த அதே 150 சிசி வண்டி, பின்னால் பள்ளிச் சீருடையில் மகள். நிறுத்தி லீவரைப் பார்த்தார். கேபிள் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். எங்காவது ஒர்க்‌ஷாப் காட்டுவார் என்று நினைத்தால், ஸ்பானரை எடுத்துத் தன் வண்டியின் கேபிளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக்கொண்டு நின்றாள். கழற்றிய நட்டு, வாஷர் எல்லாம் அதில். அவர் கேட்காமலேயே சரியானதை எடுத்து நீட்டுகிறாள். எத்தனை தடவை இப்படி நின்றிருப்பாளோ. என் வண்டியில் மாட்டி, லீவரில் ப்ளே (கொஞ்சம் தளர்வு) வைத்து, இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். நம் 100 ரூபாய் நோட்டு அங்கே செல்லும், கையிலிருந்ததை எல்லாம் நீட்டினேன். வாங்கவில்லை. மேலே கையைக் காட்டி "முக்திநாத்" என்று மட்டும் சொன்னார். மகளை ஏற்றிக்கொண்டு நியூட்ரலில் உருட்டியபடி இறங்கிப் போனார்.

தத்தோபானி வரை இறக்கம்தான், சரி. அப்புறம் அவர் வீடு எந்தப் பக்கம்? முக்திநாத் திருமங்கையாழ்வார் பாடிய தலம், அங்கே 108 நீர்த்தாரையிலும் நனைந்தேன். அங்கேயும் இதே நினைப்புதான்.

தேவகோட்டை:
எனக்கு இலங்கையில். தேயிலைத் தோட்டப் பக்கம், தலவாக்கலைக்கு முன்னால் வாடகை வண்டி மழையில் அணைந்துவிட்டது. பிளக்கா, காயிலா என்று பார்க்கக்கூட விடாமல் கொட்டியது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஓர் அம்மா குடையோடு வந்து, வண்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றச் சொன்னார். பிளேன்டீ கொடுத்தார். அவர் மகன் ஆட்டோ ஓட்டுபவர். பிளக் கேப்பில் விரிசல் இருந்ததைக் கண்டுபிடித்து, துடைத்து, ரப்பர் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார். வண்டி கிளம்பிவிட்டது, அது பெரிய விஷயமில்லை.

அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார். தேவகோட்டை என்றதும், "திருப்பத்தூர் கிட்டவா?" என்றார். அவருடைய தாத்தா மண்டபம் கேம்ப் வழியாகத் தோட்டத்துக்கு வந்தவராம். ஊர்ப்பெயரையும் சொன்னார், நம் பக்கத்துச் சின்ன ஊர்தான். "கம்மாக்கரையில ஐயனாரு இருப்பாருன்னு தாத்தா சொல்லும். குதிரையெல்லாம் இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். நான் அந்த ஊருக்கு அதுவரை போனதே கிடையாது.

திரும்பி வந்ததும் போனேன். கண்மாய் இருக்கிறது, ஐயனார் இருக்கிறார், மண்குதிரைகளும் இருக்கின்றன. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு அந்த வீட்டுப் போன் நம்பர் இல்லை. தலவாக்கலைப் பக்கம் யாருக்காவது ஆள் இருந்தால் சொல்லுங்கள், தேடிவிடலாம்.

கானாடுகாத்தான்:
செக்காலை அண்ணே, அந்த நேபாளக்காரரைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டே தள்ளி, வேகம் பிடித்ததும் முதல் கியரை ஒரே மிதியில் தட்ட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கியருக்கும் ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் விட்டால் போதும். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

என் கதை சின்னது. வியட்நாமில் ஹியூவிலிருந்து டா நாங் போகும்போது ஹாய் வான் கணவாயில் பின் டயர் பஞ்சர். ரோட்டோரம் கம்ப்ரஸரோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி லீவர் போட்டு டயரைக் கழற்றி, டியூபை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவர் கைவேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மாற்றுக் கேபிளைப் பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளை ஒட்டியே அதையும் ஓட்டி, டேப் போட்டுக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். செயின் லாக் (செயினின் இரு முனையை இணைக்கும் கண்ணி) ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அதை மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் தெறித்துவிடும். பியூஸ், பிளக், டியூப் கட்டாயம். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்திருப்பதால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் கலவை அதிகமாகி, பிளக் கரி பிடித்து, இழுவை குறையும். அதை ரிப்பேர் என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்க விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது காகிதம். நேபாளத்துக்கு நம் லைசென்ஸ் போதும், ஆனால் பன்சார் எத்தனை நாளுக்குக் கட்டினீர்களோ அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வண்டி நின்று தாமதமாகும் என்று யோசித்துக் கூடுதல் நாளுக்கே கட்டுங்கள். இலங்கையில் ஓட்ட, உள்ளூர் அனுமதி தனியாக வாங்க வேண்டும். வியட்நாம்தான் சிக்கல். நமக்குத் தருகிற சர்வதேச லைசென்ஸ் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி உள்ளது, அவர்கள் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி உள்ளதை. வாடகைக் கடையில் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுப்பார்கள். அடிபட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செக்காலை, காரைக்குடி:
தம்பி, கிளட்ச் இல்லாமல் ஓட்டலாம் என்பது எனக்கும் தெரியும். அந்த ரோட்டில் குறுக்கே ஓடை வரும், ஜீப்பும் பஸ்ஸும் எதிரே வரும், ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றால் மறுபடி ஓடித் தள்ள வேண்டும், பிள்ளையை இறக்கி ஏற்ற வேண்டும். இத்தனையும் கழற்றும்போதே அவருக்குத் தெரியும். ஒரு நொடி தயங்கியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

பள்ளத்தூர்:
நான் வெளிநாடு போனதில்லை. வெளிநாட்டுக்காரர் வண்டி நம் ஊரில் நின்றதைச் சொல்லலாம்தானே? ஜெர்மன் தம்பதி, ஈரான், பாகிஸ்தான், வாகா வழியாகத் தரைவழியே வந்தவர்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி செத்துவிட்டது. ஆச்சி அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து வெள்ளைப் பணியாரம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க, நான் நூறடி ரோட்டிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன்.

அவர் அந்த மாதிரி வண்டியைத் தொட்டதே இல்லை. பேட்டரியை சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டிய மீட்டர் 12க்கும் கீழே நின்றது. எஞ்சினுக்குள் மின்சாரம் எடுக்கும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரை இரண்டு இரண்டாக அளந்தார். மூன்றும் ஒரே அளவு. "காயில் நல்லாருக்கு, ரெக்டிபையர் போச்சு" என்றார். காயில் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ரெக்டிபையர். அந்த கம்பெனி ரெக்டிபையருக்கு எங்கே போவது? நம் ஊர் வண்டி ஒன்றின் மூன்று பேஸ் ரெக்டிபையரை வாங்கி, வயர் இணைக்கும் கப்ளரை வெட்டி, வயரைப் பற்றவைத்து, சூடு இறங்க அலுமினியத் தகட்டோடு பிரேமில் பூட்டினார். மீட்டர் 14ஐத் தொட்டதும் அந்தப் பெண்மணி கத்தியே விட்டார்.

கூலி கேட்கும்போதுதான் தகராறு. பக்கத்தில் நின்ற ஒருவர், "வெள்ளைக்காரன்தானே, நல்லா போட்டுக் கேளு" என்றார். மெக்கானிக்குக்கு முகம் மாறிவிட்டது. "ரோட்டுல நிக்கிறவங்ககிட்டயா?" என்று அவரை ஒரு சத்தம் போட்டார். உள்ளூர் வண்டிக்கு என்ன வாங்குவாரோ அதைத்தான் வாங்கினார். தன் நம்பரை டேங்க் பையில் எழுதிக் கொடுத்தார்.

கோவா போய்ச் சேர்ந்ததும் அவர்கள் அவருக்கு அந்த ரெக்டிபையரைப் படம் எடுத்து அனுப்பினார்கள். நான் கடையில் இருந்தேன். படத்தைப் பெரிதாக்கி, பற்றவைத்த இடத்தில் வயர் உருகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "மஞ்ச வயரை இன்னும் கொஞ்சம் தடிப்பமா போடச் சொல்லி அவங்களுக்கு இங்கிலீஷ்ல எழுது" என்று போனை நீட்டினார்.