பொருள்: கிட்டியும் லட்சுமிநரசு செட்டியாரும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தம்பி ஒருவர் தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய பட்டாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் என் அப்பாயி ஞாபகம்தான் வந்தது. கடனைக் கெடுபிடியாகக் கேட்பவரை அவர் "கிட்டி போட்டு வாங்குறான்" என்பார். கிட்டி என்றால் என்னவென்று எனக்குப் பல வருடம் தெரியாது.

இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவது போல அழுத்துவார்களாம். கம்பெனி ஆட்சியில் நிலவரி கட்டமுடியாத குடியானவனுக்கு இதுதான் கிடைத்தது. இன்னொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது, சில சமயம் முதுகில் கல்லும் ஏற்றுவது.

இதை லண்டன் பாராளுமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு சென்னை வியாபாரி, காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806இல் பிறந்தவர், அப்பா காலத்திலிருந்தே துணி, அவுரி (நீலச்சாயம்) வியாபாரம், கையில் நல்ல காசு. அவர் பாட்டுக்குக் கடையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் 1844இல் 'கிரசென்ட்' என்று பத்திரிகை தொடங்கினார், அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக்கும் யோசனையை எதிர்த்துக் கூட்டம் போட்டார், 1852இல் சென்னை சுதேசிகள் சங்கத்தை நிறுவி, வரிக்கொடுமையை எழுதிப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்.

மனு எழுதியதோடு அவர் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. 1853இல் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, செட்டியார் அவரைக் கூடவே மாவட்டங்களுக்கு அழைத்துக்கொண்டு போய்க் குடியானவர்களை நேரில் காட்டினார். சீமோர் திரும்பிப்போய்ச் சபையில் பேச, 1854இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது, கிட்டத்தட்ட 2000 புகார்கள் குவிந்தன, சித்திரவதை நடந்தது உண்மை என்று அடுத்த வருடம் கமிஷன்காரர்களே அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் 1863இல் சென்னைச் சட்டசபையிலும் உறுப்பினரானார். பொதுக்காரியத்துக்கே சொத்தெல்லாம் கரைந்து, 1868இல் வறுமையில் இறந்தார். தனக்குச் சொந்தபந்தம் எதுவும் இல்லாத, நம்மைப் போன்ற பட்டிக்காட்டுச் சனங்களுக்காக!

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கிட்டி, அண்ணாந்தாள் என்ற சொற்களைச் சொல்லிக் கேட்டிருந்தால், எந்தப் பேச்சில் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.