மேட்பிளாட்லிப்: தமிழ் லேபிளில் கொம்பு இடம் மாறுகிறது, பிரிண்ட்டில் எழுத்து சிறுத்துவிடுகிறது

கேள்வி

உபுண்டு, மேட்பிளாட்லிப் (பைத்தானில் வரைபடம் போடும் நூலகம்) 3.8. மாவட்டவாரியாக மழை சராசரியைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று ஒரு பார் சார்ட். எக்ஸ் ஆக்ஸிஸில் சென்னை, கோவை, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தமிழில் பெயர்கள், 45 டிகிரி சாய்த்து.

முதலில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஃபான்ட் ஃபேமிலியில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கொடுத்ததும் கட்டங்கள் போய்விட்டன. மீதிப் பிரச்சினைகள்:

1. ‘சென்னை’யில் கொம்பு ச-வுக்குப் பின்னால் விழுகிறது. ‘தூத்துக்குடி’யில் தூ, து, கு எதுவும் சேரவில்லை, உகரக்குறி தனியாக நிற்கிறது.
2. ஒய் ஆக்ஸிஸில் மைனஸ் குறி இருந்த இடத்தில் இப்போது கட்டம். ‘கிளிஃப் 8722 மிஸ்ஸிங்’ என்று எச்சரிக்கை.
3. ஃபிக்சைஸ் (படத்தின் அளவு) 14க்கு 8. பிஎன்ஜியாகச் சேமித்து ஏ4 அறிக்கையில் வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 600 ஆக்கியும் மாற்றமில்லை. கீழே ஊர்ப்பெயர்களும் வெட்டுப்படுகின்றன.

பதில் 1

(கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

மைனஸ் சுலபம். மேட்பிளாட்லிப் கீபோர்டில் உள்ள ஹைஃபனைப் போடுவதில்லை, யூனிகோட் 2212 என்ற அசல் கழித்தல் குறியைப் போடுகிறது. பதின்ம எண்ணில் அதுதான் 8722. உங்கள் தமிழ் எழுத்துருவில் அது இல்லை. ஃபான்ட் ஃபேமிலிக்கு ஒரே பெயரைக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள்: முதலில் தமிழ் எழுத்துரு, அடுத்து மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ். 3.6 பதிப்பிலிருந்து ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும். அதைவிடப் பழைய பதிப்பு என்றால் ‘ஆக்ஸஸ்.யூனிகோட்_மைனஸ்’ ஃபால்ஸ்.

கொம்பு விவகாரம் எழுத்துருவின் தப்பில்லை, எத்தனை எழுத்துரு மாற்றினாலும் தீராது. யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் ச, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் நகர்த்துவதும், ‘கோ’வில் இரட்டைக்கொம்பையும் காலையும் இரு பக்கம் பிரித்து வைப்பதும், க-வையும் உகரத்தையும் ‘கு’ என்று ஒரே வடிவமாக்குவதும் ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் இன்ஜினின் வேலை. பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் அது உண்டு. 3.8-இல் கிடையாது: எழுத்துருவைப் படிக்கும் ஃப்ரீடைப்பிடம் ஒவ்வொரு குறியாக வாங்கி, வந்த வரிசையிலேயே வைத்துவிடும்.

ஆகவே அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள்:

- ஆர்சிபாரம்ஸ் என்ற அமைப்புப் பட்டியலில் ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ மதிப்பை ‘நன்’ என்று வையுங்கள், மேற்கோள் குறிக்குள், சிறிய எழுத்தில். இயல்பு மதிப்பு ‘பாத்’. அதில் எழுத்துகள் கோடுகளாக உறைந்துவிடும், பிறகு யாராலும் திருத்த முடியாது.
- எஸ்விஜியாக (கோட்டுப்பட வடிவம்) சேமியுங்கள்.
- அதே எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது வரும் பெட்டியில் ‘கன்வர்ட் டெக்ஸ்ட் டு பாத்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அதன்பின் எந்தப் பிரிண்டரிலும் உடையாது.

பதில் 2

லேட்டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில்தான் அறிக்கை என்றால் இங்க்ஸ்கேப் வழியாகச் சுற்ற வேண்டாம். படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக்கில் பேக்கெண்ட் (படத்தை வரையும் பகுதி) ‘பிஜிஎஃப்’ என்று கொடுத்து பிடிஎஃப் எடுங்கள். ‘பிஜிஎஃப்.டெக்சிஸ்டம்’ ஸீலேட்டெக் (லேட்டெக்ஸின் யூனிகோட் வகை), ‘பிஜிஎஃப்.ஆர்சிஃபான்ட்ஸ்’ ஃபால்ஸ், ‘ஃபான்ட்.ஃபேமிலி’ செரிஃப், ‘பிஜிஎஃப்.பிரியாம்பிள்’-இல் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜும், ஸ்கிரிப்ட் தமிழ் என்ற ஆப்ஷனோடு செட்மெயின்ஃபான்ட்டும். அந்த ஸ்கிரிப்ட் ஆப்ஷனை விட்டுவிட்டு ‘இன்னும் உடைகிறதே’ என்று வருபவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு லாபம்: எழுத்தின் அகலத்தை அளப்பதும் ஸீலேட்டெக்தான். எஸ்விஜி வழியில் மேட்பிளாட்லிப் உடைந்த வரிசையை அளந்து இடம் ஒதுக்கும், இங்க்ஸ்கேப் சேர்ந்த எழுத்தை வரையும். அதனால் சாய்த்த லேபிள்கள் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். எஸ்விஜியிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் லேபிளுக்கு ‘ஹெச்ஏ’ ரைட்டும் ‘ரொட்டேஷன்_மோட்’ ஆங்கரும் சேர்த்துக் கொடுங்கள். நங்கூரப் புள்ளி முனையிலேயே இருப்பதால் அகலம் தப்பானாலும் முனை நகராது.

உண்மையில் இத்தனை நீளப் பெயர்களுக்குச் சாய்வே வேண்டாம். பாருக்குப் பதில் பார்ஹெச் (படுக்கைப் பார்) போடுங்கள், கழுத்தைத் திருப்பாமல் படிக்கலாம்.

திரையில், ஷோ விண்டோவிலேயே சரியாகத் தெரிய வேண்டும் என்றால் எம்பிஎல்கெய்ரோ பேக்கெண்ட். கணினியில் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ராக்ம் நூலகம் இருக்க வேண்டும், எம்பிஎல்கெய்ரோவின் செட்_ஆப்ஷன்ஸில் ராக்ம் ட்ரூ.

பதில் 3

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. டிபிஐக்கும் எழுத்தின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஃபிக்சைஸ் அங்குலக் கணக்கு, ஃபான்ட் சைஸ் பாயிண்ட் கணக்கு. 14 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ என்றால் 8400 பிக்சல் கிடைக்கும், அவ்வளவே. ஏ4 அகலம் 8.27 அங்குலம். இரு பக்கமும் ஒரு அங்குல மார்ஜின் போக 6.27. 14 அங்குலப் படத்தை அதற்குள் அமுக்கினால் இயல்பான 10 பாயிண்ட் எழுத்து நாலரை பாயிண்ட் ஆகிறது. ‘ணை’, ‘னை’ சுழிகளெல்லாம் அந்த அளவில் மையில் அடைத்துக்கொள்ளும்.

ஃபிக்சைஸை 6.27க்கு 4 என்றே வையுங்கள், எழுத்து 10 அல்லது 11, ஆவணத்தில் நூறு சதவீதத்தில் செருகுங்கள். வெட்டுப்படுவதற்கு ‘பிபாக்ஸ்_இன்ச்சஸ் டைட்’ என்று பலர் சொல்வார்கள். அது படத்தின் வெளி அளவையே மாற்றிவிடும், மறுபடி ஆவணத்தில் இழுத்து நீட்டுவீர்கள், கணக்கு போச்சு. படம் உருவாக்கும்போதே ‘லேஅவுட்’ கான்ஸ்ட்ரெயின்ட் கொடுங்கள், அளவு மாறாமல் உள்ளே இடம் ஒதுக்கும்.

ஷோவுக்குப் பிறகு பிஎல்டி.சேவ்ஃபிக் அழைத்தால் வெள்ளைப் பக்கம்தான் சேமிக்கப்படும். விண்டோவை மூடியதும் அந்தப் படம் போய்விடுகிறது, பிஎல்டி புதிதாக ஒரு வெற்றுப் படத்தைத் திறக்கிறது. ஷோவுக்கு முன்னால் சேமியுங்கள்.

கேட்டவர்

மைனஸ் வந்துவிட்டது, எஸ்விஜி வழியில் தூ, து, கு எல்லாம் சேர்ந்துவிட்டன. பார்ஹெச் ஆக்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: எஸ்விஜி இல்லாமல், பைத்தானிலேயே கொம்பை முன்னால் நகர்த்தி ஸ்ட்ரிங்கை மாற்றிக் கொடுத்தால் போதாதா?

பதில் 1

பாதிக் கிணறு தாண்டலாம். ‘கோ’வை இரட்டைக்கொம்பு, க, கால் என்று பிரித்து அடுக்கினால் சரியாகவே தெரியும். ஆனால் ‘கு’, ‘டு’, ‘மூ’ வடிவங்களுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது, அவை எழுத்துருவுக்குள் மட்டும் இருப்பவை. எந்த ஸ்ட்ரிங்காலும் அவற்றைக் கேட்டு வாங்க முடியாது. தூத்துக்குடி அங்கேயே நின்றுவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறோம், கு-வுக்கும் தனி இடம் உண்டு. அவசரத்துக்கு ஒரு படத்துக்கு ஓடும். ஆனால் அதில் காற்புள்ளி தட்டினால் ‘இ’ வரும், அரைப்புள்ளி தட்டினால் மெய்ப்புள்ளி வரும், பிடிஎஃப்பில் ‘தமிழ்’ என்று தேடினால் எதுவும் அகப்படாது. ஆக்ஸிஸில் வரும் டிக் எண்களுக்கு அந்த எழுத்துருவைக் கொடுக்காதீர்கள், மைனஸ் மறுபடி கட்டமாகும்.