இயந்திரத் தலையைப் பார்த்து மகன் சிரித்துவிட்டான். அடுத்து எந்தப் படம் போடலாம்?

மணவறைக்காரன், கொட்டாஞ்சேனை

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் மகனை (14 வயது) பக்கத்தில் இருத்தி "சைபோர்க்" படம் போட்டேன். வான் டாம் நடித்தது, 1989. நான் அதைப் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்தக் காலத்தில் எங்கள் லேனில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் டீவியும் டெக்கும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். முதலில் ரஜினி, பிறகு கமல். விடியப்புறம், எல்லாரும் பாயில் சரிந்த பிறகு, கடைக்காரர் சும்மா சேர்த்துக் கொடுத்த ஆங்கிலப் படம் ஒன்று ஓடும். அதற்கு விழித்திருப்பது நானும் என் மாமாவும் மட்டும்தான்.

அந்தப் படத்தில் ஒரு பெண் தன் தலைமுடியைக் கழற்றுவாள். உள்ளே மண்டை முழுக்க இயந்திரம் சுழலும். அன்றைக்கு நான் மாமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, இது பொம்மைத் தலை" என்றான்.

பொம்மைத் தலைதான். எனக்கும் தெரிகிறது. ஆனால் எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

நான் 22 வருடமாக மணவறை செய்கிறேன். இரண்டு அங்குல ரிஜிபோம் (தெர்மோகோல்) ஷீட்டைச் சூட்டுக் கம்பியால் வெட்டி யாளி, தாமரை, தூண் எல்லாம் எடுப்பேன். அதற்கு நேராகத் தங்க ஸ்ப்ரே அடித்தால் ரிஜிபோமை அரித்துவிடும். முதலில் எமல்ஷன் இரண்டு தரம் பூசி, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்ப்ரே. இரவு இரண்டு மணிக்கு ஹோலில் ஏணியில் நின்று கோபுரத்தைப் பொருத்துவோம். காலையில் வரும் 400 பேருக்கும் அது ரிஜிபோம் என்று தெரியும். ஒருவரும் சிரிப்பதில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் இருக்கும் மூன்று மணித்தியாலமும் அது கோபுரம்தான். காசு குறைந்த விஞ்ஞானப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருவதும் அதே உணர்வு. சில காட்சிகளில் சுவரின் ஓரம் லேசாக உருகியிருப்பது தெரியும். ஆ, அவசரத்தில் நேராக ஸ்ப்ரே அடித்துவிட்டார்கள் என்று எனக்குள் ஓர் அன்பு வந்துவிடும்.

இது நிஜமாகவே படத்தில் இருக்கும் விஷயமா, அல்லது மாமாவுடன் பார்த்த ஞாபகமா? மாமா இப்போது இல்லை. மகனுக்கு இதைக் காட்ட எந்தப் படம் போடலாம்?

வெள்ளவத்தை பேஸ் கிற்றார்

அண்ணா, நீங்கள் பார்த்தது நிஜம்தான். அந்தப் படம் பிறந்த கதையே உங்கள் தொழில்காரர் கதை மாதிரி.

தயாரித்த கெனன் நிறுவனம் அப்போது கடனில் இருந்தது. ஸ்பைடர்மேன் படம் ஒன்றுக்கும் ஹீ-மேன் படத்தின் இரண்டாம் பாகத்துக்கும் உடுப்பும் செட்டும் தயார் செய்து காசை இறைத்திருந்தார்கள். இரண்டு படமும் நின்றுபோய்விட்டன. கிடக்கும் சாமானை என்ன செய்வது? இயக்குநர் அல்பர்ட் பியூன் ஒரு வாரக்கடைசியில் கதையை யோசித்து, அந்த உடுப்பையும் செட்டையும் வைத்தே எடுத்து முடித்தார். மொத்தச் செலவு 5 இலட்சம் டொலருக்கும் குறைவு. உங்கள் கிடங்கிலும் போன கலியாணத்துத் தூண் அடுத்த கலியாணத்துக்கு வேறு நிறத்தில் நிற்கும்தானே.

எனக்கு அந்தப் படத்தில் உயிர், பெயர்கள். கதாநாயகன் கிப்சன் ரிக்கன்பெக்கர். வில்லன் ஃபெண்டர் ட்ரெமோலோ. இயந்திரத் தலைப் பெண் பேர்ல் ப்ரொஃபெட். கிற்றார், ட்ரம்ஸ், கீபோர்ட் உலகத்துப் பெயர்கள் எல்லாம்! உலகமே அழிந்த பிறகு இசைக் கருவிகளின் பெயர் மட்டும் மனிதர்கள்மேல் மிஞ்சியிருக்கிறது. 17 வயதில் அதைக் கண்டுபிடித்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

மகனுக்கு "ரோபோட் ஜொக்ஸ்" போடுங்கள். ஸ்டுவர்ட் கோர்டன் இயக்கி 1990இல் வெளிவந்தது. நாடுகள் யுத்தம் செய்வதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு இராட்சத ரோபோவை மோதவிட்டுப் பிணக்கைத் தீர்க்கும் கதை. ரோபோ வேலை டேவிட் அலனுடையது. ஸ்டூடியோவுக்குள் எடுக்காமல் மினியேச்சர்களைக் கலிபோர்னியாப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்தார்கள். மலையும் வானமும் நிஜம், ரோபோ மட்டும் சின்னது. மனிதர்கள் கதைக்கும் காட்சிகள் கொஞ்சம் இழுவைதான், ஆனால் சண்டை வந்தால் நிமிர்ந்து இருப்பான்.

தெமட்டகொட அன்ரி

தம்பி, முதலில் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் போட்ட படத்தில் ஆளைச் சிலுவையில் அறையும் காட்சி இருக்கிறது. 14 வயதுப் பிள்ளைக்கு அது கூடிப்போனது. கோபிக்க வேண்டாம், நான் மூன்று பிள்ளை வளர்த்தவள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "கலை அரசி" பார்த்திருக்கிறீர்களா? 1963இல் வந்தது, எம்.ஜி.ஆரும் பானுமதியும். வேறு கிரகத்திலிருந்து நம்பியார் பறக்கும் தட்டில் வந்து, பாட்டுப் படிப்பிக்க ஆள் வேண்டுமென்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார். நினைத்துப் பாருங்கள், இவ்வளவு தூரம் வந்தது தங்கத்துக்கும் இல்லை, நாட்டைப் பிடிக்கவும் இல்லை, சங்கீதத்துக்கு! எங்கள் ஐயா (அப்பா) என்னைத் தோளில் இருத்திக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் கிரகத்து ஆட்களின் உடுப்பைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது, ஐயாவும் சிரித்தார். ஐந்து நிமிடத்தில் எம்.ஜி.ஆர் சண்டைக்கு நின்றதும் அதே சனம்தான் விசில் அடித்தது. அதனால் பிள்ளை சிரித்தான் என்று மனம் நோகவேண்டாம். சிரித்த வாயோடுதான் நாங்களும் உள்ளே போனோம்.

ஐயா இன்னொன்றும் சொல்வார். சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த "காடு" படத்தில், பழங்காலத்து உரோம யானைகள் வேண்டும் என்று நம்முடைய யானைகளுக்கே சடை போர்த்தி நடக்கவிட்டார்களாம். அந்த யானைகளின் பொறுமையை நினைத்து நினைத்து வியப்பார்.

பொரளை நூலகன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். காசு குறைவு என்பதே ஒரு குணம் ஆகிவிடாது. இந்த வகைப் படங்களில் பத்துக்கு ஏழு வெறும் சலிப்பு. நீளமான நடைபாதையில் துப்பாக்கியோடு நடப்பார்கள், நடப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். செட் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் அந்த நடை. அதை ரசிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இன்னொரு வகை இருக்கிறது: "பாருங்கள், நாங்கள் எவ்வளவு மோசம்" என்று வேண்டுமென்றே எடுப்பது. சூறாவளியில் சுறா பறக்கும் படம் 2013இல் வந்ததே, அந்த மாதிரி. அதில் எனக்கு ஒட்டு இல்லை. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் "கேம்ப்" பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கேம்ப் என்றால் நம்முடைய ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும், இது அந்தச் சொல் அல்ல. அளவு மீறிய ஆடம்பரத்தையும் செயற்கையையும் கொண்டாடும் ரசனைக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல். அதில் உயர்ந்த வகை, முழு மனதோடு முயன்று கைகூடாமல் போனதில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. மணவறைக்காரர் சொன்ன உருகின ஓரம் அதுதான். வேண்டுமென்றே உருக்கினால் அவருக்கு அன்பு வந்திருக்காது.

சிக்கனப் படங்களின் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2024இல் காலமானார். 1980இல் "பேட்டில் பியோண்ட் த ஸ்டார்ஸ்" எடுத்தபோது விண்கப்பல் மினியேச்சர், செட் வேலைகளில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ஜேம்ஸ் கெமரன். அடுத்த வருடம் "கலக்ஸி ஒஃப் டெரர்" படத்துக்கு விண்கப்பல் சுவர் வேண்டும், காசு இல்லை. ஹம்பர்கர் வைத்துக் கொடுக்கும் ஃபோம் பெட்டிகளை வரிசையாக ஒட்டிப் பெயின்ட் அடித்துச் சுவராக்கினார்கள். பிறகு 1984இல் அதே கெமரன் 64 இலட்சம் டொலருக்கு "டெர்மினேட்டர்" எடுத்தார். அதன் முடிவில் பெற்றோல் பவுசர் வெடிப்பதும் மினியேச்சர்தான். ஆனால் "கலக்ஸி ஒஃப் டெரர்" மகனுக்கு வேண்டவே வேண்டாம். பெண்ணுக்கு எதிரான ஒரு காட்சி உண்டு, அதை எந்தச் சிக்கனமும் மன்னிக்காது.

அவனுக்குக் கொஞ்சம் வயது வந்த பிறகு "டார்க் ஸ்டார்" (1974). ஜோன் கார்ப்பென்டரும் டான் ஓபேனனும் மாணவர்களாகத் தொடங்கியது. வேற்றுக்கிரகப் பிராணி என்று ஒரு கடற்கரைப் பந்துக்குக் கால் பூட்டி விட்டிருக்கிறார்கள். சிரிப்புப் படமாகத்தான் எடுத்தார்கள், ஆனால் சனம் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. சிரிக்கவைக்க முடியாவிட்டால் பயப்படவைக்கிறேன் என்று உட்கார்ந்த ஓபேனன் எழுதியதுதான் 1979இல் வந்த "ஏலியன்".

மணவறைக்காரன், கொட்டாஞ்சேனை

மூன்று பேருக்கும் நன்றி. அன்ரி, நீங்கள் சொன்னது சரி, நான் யோசிக்கவில்லை. பதினொரு வயதில் நானே பார்த்தேன் என்பது ஒரு நியாயம் இல்லை.

நேற்று "ரோபோட் ஜொக்ஸ்" போட்டோம். முதல் அரை மணித்தியாலம் போனை நோண்டினான். முதல் சண்டை வந்தது. ரோபோ ஓர் அடி எடுத்து வைத்தது. சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் "அப்பா, அது நிஜ வெயில்தானே?" என்றான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும். ரோபோவின் தோளில் படும் வெளிச்சமும் தூரத்து மலையில் படும் வெளிச்சமும் ஒன்று என்று அவன் கண்ணே கண்டுபிடித்துவிட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுப் பார்த்தோம்.

இன்று பின்னேரம் கிடங்கிலிருந்து வெட்டுத் துண்டுகள் எடுத்து, நாங்கள் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தையே செய்தோம். நிஜத்தில் 30 அடி. 25இல் ஒரு பங்கு என்று கணக்கு வைத்து 14 அங்குலம் சொச்சம். பல்கனிக் கம்பிக்கு ஈர்க்கு. மொட்டைமாடியில் வெயிலில் வைத்து, அவன் காலால் உதைக்க நான் போனில் எடுத்தேன். பார்த்தால் பொம்மைப் பெட்டி விழுந்த மாதிரி இருக்கிறது. வெயில் சரி, பெயின்ட் சரி, விழுவது மட்டும் பொய். எங்கே பிழை?

கணித ஆசிரியன், பம்பலப்பிட்டி

வேகத்தில்தான் பிழை. 30 அடியிலிருந்து ஒரு கல் விழ ஏறத்தாழ 1.4 செக்கன் எடுக்கும். 14 அங்குலத்திலிருந்து 0.27 செக்கன். கண்ணுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், கணக்குத் தெரிய வேண்டியதில்லை. 25இன் வர்க்கமூலம் 5. ஐந்து மடங்கு மெதுவாகக் காட்டினால் விழுவது சரியாகிவிடும். படம் ஓடுவது செக்கனுக்கு 24 ஃப்ரேம். 24ஐ ஐந்தால் பெருக்கினால் 120. போனில் ஸ்லோ மோஷனை 120இல் வைத்து எடுத்து, 24இல் ஓட்டுங்கள். 1954இல் ஜப்பானில் கொட்ஸில்லா எடுத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். 100 கிலோ அளவான உடுப்புக்குள் ஆளை நிறுத்தி, கெமராவை வேகமாக ஓடவிட்டார்கள். அதனால்தான் அந்த நடைக்கு அவ்வளவு பாரம்.

மணவறைக்காரன், கொட்டாஞ்சேனை

சேர், 120இல் எடுத்தோம். சுவர் முதலில் நடுவில் விரிந்து, பிறகு மேல்மாடி தயங்கி, அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. தூசிக்குச் சுண்ணாம்புத் தூள் வைத்திருந்தோம், அதுவும் மெதுவாக எழும்பியது. மகன் ஒன்றும் பேசாமல் நான்கு தரம் பார்த்துவிட்டு, "எங்கட வீடு" என்றான். நானும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்ததாகக் கடல் வந்து அடிக்கவேண்டும் என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அது சரி வரவில்லை. ஒவ்வொரு துளியும் ஜன்னல் அளவு தெரிகிறது.

கணித ஆசிரியன், பம்பலப்பிட்டி

தண்ணீர்த் துளி உங்கள் அளவுக்குச் சின்னதாகாது. நெருப்பும் அப்படித்தான். இந்த இரண்டும் வந்தால் மினியேச்சரைப் பெரிதாகச் செய்வதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. முழுக் கட்டடம் வேண்டாம், தண்ணீர் படும் மூலையை மட்டும் நான்கில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். அதற்கு 48 ஃப்ரேம் போதும்.

மணவறைக்காரன், கொட்டாஞ்சேனை

நான்கில் ஒரு பங்கு என்றால் ஏழரை அடி. கிடங்கில் போன மாதக் கலியாணத்துத் தூண் இரண்டு சும்மா நிற்கிறது, எட்டடி. தாமரையைச் செதுக்கி எடுத்துவிட்டால் மூலைச் சுவர் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் ஒன்றும் இல்லை. சேர், நேரம் இருந்தால் வாருங்கள், வாளி பிடிக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும்.