‘டிரெயின் வால்வு’ – தமிழில் எப்படி எழுதுவது? (பியர் காய்ச்சும் அண்டாவின் உறுப்புகள்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர்களுக்காக ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய எவர்சில்வர் அண்டாவில் துளை போட்டு, அடிப்பக்கம் டிரெயின் வால்வு பொருத்துவதில் தொடங்கி, அதைப் படிப்படியாக மேம்படுத்துவது வரை போகும். தலைப்பிலேயே நிற்கிறேன். ‘வடிகால் வால்வு’ என்றால் சாக்கடை வாடை அடிக்கிறது. ‘வெளியேற்றும் வால்வு’ சுற்றறிக்கைத் தமிழ். ‘குழாய்’ என்று விட்டுவிடலாம். ஆனால் அதே பக்கத்தில் டியூப், பைப், ஹோஸ் மூன்றும் குழாயாகவே வருகின்றன. படிப்பவர் எதைத் திறப்பார்?

கூடவே பல்க்ஹெட் (துளையில் அண்டாச் சுவரைப் பிடிக்கும் இணைப்பு), டிப் டியூப் (உள்ளே அடிவரை இறங்கும் குழல்), ஃபால்ஸ் பாட்டம் (தானியத்தைத் தாங்கும் துளையிட்ட தட்டு), டிரப் (கொதித்தபின் படியும் கசடு), வோர்ட் (நொதிக்குமுன் உள்ள இனிப்புச் சாறு) ஆகியவற்றுக்கும் சொல் தேவை. உதவுங்கள்.

———

> ‘டிரெயின் வால்வு’ – தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம். வால்வுக்கு ‘ஓரதர்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. டிரெயின் வால்வு ‘வடியோரதர்’, பால் வால்வு ‘பந்தோரதர்’ என்று எழுதிவிடலாம். புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பழகாத சொல் என்று சொல்வார்கள். எழுத எழுதப் பழகிவிடும்.

இன்னொன்று: ‘பால் வால்வு’ என்று தமிழில் எழுதினால் பால் கறக்கும் வால்வு என்றுதான் முதலில் படிக்கிறோம். அதைக் கட்டாயம் மாற்றியாக வேண்டும்.

———

> வடியோரதர், பந்தோரதர்

ஐயா, ஓரதர் எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது பொய் சொல்கிறது. ஓர் + அதர், அதாவது ஒரே வழி. இதயத்துக்குள் இருப்பதற்கும், பம்பின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுப்பதற்கும் அது அச்சாகப் பொருந்தும். அண்டாவில் நாம் மாட்டுவது அப்படிப்பட்டதல்ல. நடுவில் துளையிட்ட ஓர் எவர்சில்வர் உருண்டை, இருபுறமும் டெஃப்லான் வளையம், மேலே கைப்பிடி. கால் சுற்று திருப்பினால் உருண்டையின் துளை குழாயோடு நேர்ப்படும். மறுபடி கால் சுற்றில் குறுக்கே நிற்கும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் விடும். காய்ச்சுபவர்கள் பலர் இதே வழியாகப் பம்பு வைத்து அண்டாவுக்குள் வெந்நீரை அடியிலிருந்து ஏற்றவும் செய்கிறார்கள். இருவழிப் பாதைக்கு ஓரதர் என்று பெயர் வைத்தால், நாளை உண்மையான ஒருவழி வால்வைக் கையேட்டில் சொல்லும்போது என்ன எழுதுவோம்?

ஆனால் என் முக்கிய மறுப்பு அதுவல்ல. கேள்வியே சற்றுத் தடம் மாறி நிற்கிறது. ‘டிரெயின் வால்வு’ என்று பட்டறையில் சொல்வது தனியொரு வால்வை அல்ல, நான்கு உருப்படிகளை. துளையில் அண்டாச் சுவரை உள்ளும் புறமும் நெருக்கிப் பிடிக்கும் இணைப்பு ஒன்று. அதன் வெளிப்பக்கம் வால்வு. வால்வின் முனையில் ஹோஸ் செருகும் மூக்கு. உள்பக்கம், வளைந்து அடித்தட்டு வரை இறங்கும் குழல். இதில் வால்வைத்தான் எல்லோரும் பேசுகிறோம், ஆனால் தொல்லை தருவது மற்ற மூன்றும்தான்.

முதல் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை அங்குல இணைப்பு என்று வாங்கினால், மரை அமெரிக்க என்.பி.டி. வகையாகவும் இருக்கலாம், பிரிட்டிஷ் பி.எஸ்.பி. வகையாகவும் இருக்கலாம். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறுவதுபோல ஏறும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55 பாகை. டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசிய வாய்ப்புண்டு. அதோடு என்.பி.டி. கூம்பு மரை, உள்ளே போகப் போகத் தடிக்கும். அதில் கூம்பு மரை நட்டையே போட்டால், நட்டு ஓரிங்கை (கசிவைத் தடுக்கும் வளையம்) நெருக்குமுன் மரையிலேயே இறுகி நின்றுவிடும். நேர்மரை நட்டு வேண்டும். துளை ஏறத்தாழ 22 மி.மீ.; ஸ்டெப் டிரில்லை (படிப்படியாக அகலும் துளைக்கருவி) மெதுவாகச் சுற்றவிட்டு, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும். எவர்சில்வர் தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம், வேகமாகச் சுற்றவிட்டுச் சும்மா உரசினால் டிரில்தான் மழுங்கும். துளையின் விளிம்புப் பிசிரை அரத்தால் எடுக்காமல் ஓரிங்கை வைத்தால், முதல் நாளே ஓரிங் வெட்டுப்படும்.

இந்த உருப்படிக்குத் தமிழில் பெயரே இல்லை. வால்வுக்குத்தான் மூன்று பெயர் வைத்துச் சண்டை போடுகிறோம்.

என் பரிந்துரை: வால்வு வால்வாகவே இருக்கட்டும். அது தமிழாகி எத்தனையோ காலமாயிற்று. இந்த நான்கும் சேர்ந்த முழு அமைப்புக்கு வடிமடை என்று பெயர் வைப்போம். மடை என்றால் நீரை விடவும் நிறுத்தவும் அமைத்த வாய் முழுவதும். பலகை மட்டும் மடையாகிவிடாது. திற, அடை, உடைந்தது என்ற வினைகளெல்லாம் மடையோடு இயல்பாகச் சேர்ந்து வருகின்றன. ‘வடிமடையைத் திறந்து விடுங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம். (மடை என்றதும் மடையன் நினைவுக்கு வருகிறான் என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: வரட்டும்.)

மற்றவை:

பல்க்ஹெட், அதாவது சுவர் இணைப்பு – சுவர்ப்பிடி. வெல்டிங் செய்து சேர்த்ததென்றால் ‘பற்றவைத்த சுவர்ப்பிடி’, ஓரிங் வைத்து முடுக்கியதென்றால் ‘முடுக்கிய சுவர்ப்பிடி’.

டிப் டியூப் – அடிக்குழல். ‘உறிஞ்சுகுழல்’ என்று வைக்கத் தோன்றும், வேண்டாம். உறிஞ்சுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெளியே தொங்கும் ஹோஸின் முனை உள்ளே இருக்கும் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும்வரை, சைஃபன் முறையில் தானே இழுபடும். காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அண்டாவின் விட்டம் 40 செ.மீ., வால்வு தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் என்றால், அடிக்குழல் இல்லாமல் 6 லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கும். வீட்டளவில் 19 லிட்டர் காய்ச்சுபவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. அடிக்குழல் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்றை இழுத்து, மட்டம் வால்வுக்குக் கீழே போனதும் ஓட்டம் அறுந்துவிடும்.

டிரப் – மண்டி. இதற்கெல்லாம் சொல் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

———

> என் பரிந்துரை: … வடிமடை

மடை பிடித்திருக்கிறது. ‘வடி’தான் உறுத்துகிறது. வேதியியல் வகுப்பில் காய்ச்சி வடித்தல் என்றால் ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிரிப்பது. பேச்சு வழக்கிலோ சாராயத்தைத்தான் வடிக்கிறார்கள். பியர் அப்படி வடித்த பானமல்ல. நொதிக்க வைத்தது, அவ்வளவே. பியர் கையேட்டில் அண்டாவும் வடிமடையும் ஒன்றாக வந்தால், ஏதோ வாலை (சாராயம் காய்ச்சி வடிக்கும் கலம்) பூட்டுகிறார்கள் என்று ஒருவர் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘போக்குமடை’ என்று வைத்தால் என்ன?

சுவர்ப்பிடியும் சரியில்லை. அண்டாவின் கைப்பிடி என்றே படிக்கிறேன். துளையில் பூட்டுவதால் ‘துளைப்பூட்டு’ எனலாமே.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும் தம்பி. நீங்கள் விவரித்த உருண்டை வால்வில், உருண்டைக்கும் உடலுக்கும் நடுவே சிறு இடுக்கு உண்டு. அதில் சர்க்கரைச் சாறு தங்கும். பிரித்துக் கழுவ முடியாத வால்வென்றால் அங்கே கிருமி குடியிருக்கும். கொதிக்கும்போது சிறிது சாறை அதன் வழியே விட்டு அண்டாவில் திரும்ப ஊற்றினால் சூடு அங்கும் எட்டும். நட்டுகளைக் கழற்றி மூன்று துண்டாகப் பிரிக்கும் வகைதான் நல்லது. அதற்கு ‘முத்துண்டு வால்வு’ என்றே எழுதுங்கள், போதும்.

———

> ‘வடி’தான் உறுத்துகிறது

அக்கா, துளைப்பூட்டு என் சொல்லைவிட நல்ல சொல். சுவர்ப்பிடியை விட்டுவிடுகிறேன்.

வடியை விடமாட்டேன். சாராயத்துக்கு முன்னால் கஞ்சியை வடித்தோம். தெளிவை ஒரு பக்கம் விட்டு, கனத்ததை உள்ளே நிறுத்துவதுதான் வடித்தல். இந்த அண்டாவில் நடப்பதும் அதே வேலை. ‘போக்கு’ என்றால் எல்லாமே போய்விடும், மண்டியும் சேர்த்து. வால்வை மட்டும் பார்த்தால் போக்குமடை சரி. அடிக்குழலையும் சேர்த்துப் பார்த்தால் வடிமடைதான் சரி. உங்கள் அச்சம் ‘வடிகலன்’ என்ற சொல்லுக்கு நியாயமானது. அண்டாவை அப்படி யாரும் எழுத வேண்டாம். கொதிகலனும் வேண்டாம், அது நீராவி பாய்லருக்குப் போய்விட்டது. அண்டா அண்டாவாகவே இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய ஏரிகளின் குமிழித் தூம்பில் (ஏரிக்குள் கட்டிய மதகு) நீர் போக மேலே ஒரு துளை, சேறு போகக் கீழே ஒரு துளை. நீரோடி, சேறோடி என்று பெயரும் தனித்தனி. காய்ச்சுவதில் அடுத்த படிக்குப் போகிறவர்கள் அடி கூம்பிய நொதிகலன் வாங்குவார்கள். அதில் இதே ஏற்பாடு: தெளிந்த பியரை எடுக்கப் பக்கவாட்டில் ஒரு வால்வு, படிந்த ஈஸ்டை இறக்கக் கூம்பின் நுனியில் ஒரு வால்வு. மடை என்று தொடங்கினால் அங்கே ‘தெளிமடை’, ‘மண்டிமடை’ என்று கேட்காமலே கிளைத்து வரும். ஓரதரிலிருந்து இதைப் பெறப் பாருங்கள்.

சொல்லைத் தனியே வைத்துப் பார்த்தால் எதுவும் அந்நியமாகத்தான் படும். கையேட்டில் வரக்கூடிய ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“அடுப்பை அணைத்ததும் அகப்பையால் ஒரே திசையில் கலக்கிச் சுழலவிட்டு, கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். மண்டி நடுவில் குவியும். அதனால் அடிக்குழலின் வாய் நடுவில் இல்லாமல் சுவரோரம் திரும்பியிருக்க வேண்டும். வடிமடையைக் கால்வாசி திறந்து, முதலில் வரும் கலங்கலைக் குவளையில் பிடித்து அண்டாவுக்கே திருப்புங்கள். சாறு தெளிந்ததும் ஹோஸைச் செருகுங்கள். முழுதாகத் திறக்காதீர்கள், வேகமாக இழுத்தால் குவிந்த மண்டி சரிந்து வாயை அடைக்கும். துளைப்பூட்டில் ஈரம் தெரிந்தால் சூட்டில் நட்டை முடுக்காதீர்கள், ஆறிய பிறகு ஓரிங்கைப் பாருங்கள்.”

மண்டி ஓரத்துக்கு வீசப்படாமல் நடுவில் ஏன் கூடுகிறது என்று படிப்பவர் கேட்பார், ஒரு வரி சேருங்கள். தரையை ஒட்டிய சாறு உராய்வால் வேகம் குறைகிறது. மேலே வேகமாகச் சுழல்வது ஓரத்தில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அந்த அழுத்தம் அடிச்சாற்றை நடுவுக்குத் தள்ளும்போது மண்டியும் கூடப் போகிறது. தேநீர்க் கோப்பையில் இலை நடுவில் கூடுவதை ஐன்ஸ்டைன் 1926இல் இப்படித்தான் விளக்கினார், ஆறுகள் ஏன் வளைகின்றன என்ற கேள்வியோடு சேர்த்து.

———

> வடியை விடமாட்டேன்

எல்லோருக்கும் நன்றி. வடிமடை, துளைப்பூட்டு, அடிக்குழல், மண்டி, முத்துண்டு வால்வு – இவற்றைக் கையேட்டில் ஏற்றிவிட்டேன். பால் வால்வை ‘உருண்டை வால்வு’ என்று எழுதுகிறேன். ‘பந்து’ விளையாட்டுப் பக்கம் இழுக்கிறது. வோர்ட்டுக்கு இருவருமே போகிற போக்கில் ‘சாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தானியத்தை முளைக்கட்டி, வெந்நீரில் ஊறவைத்து எடுப்பதால் முதல் முறை ‘முளைச்சாறு’ என்றும், பிறகு வெறும் ‘சாறு’ என்றும் எழுதப்போகிறேன்.

ஆர்கான் வெல்டிங் பகுதியில் ஓர் இடம் பாக்கி. உள்பக்கத்துக்கும் ஆர்கான் வாயு காட்டாமல் பற்றவைத்தால், பின்புறம் கறுத்துப் பொருக்காகிவிடுமே, அதை ஆங்கிலத்தில் சர்க்கரைப் பெயரால் சொல்கிறார்கள். சர்க்கரைச் சாறு காய்ச்சும் அண்டாவில் அந்தப் பெயரை வைத்தால் குழப்பம்தான். ‘கரும்பொருக்கு’ என்று எழுதியிருக்கிறேன். ஃபால்ஸ் பாட்டத்துக்கு இப்போதைக்குத் ‘துளைத்தட்டு’. ஆனால் துளைப்பூட்டும் துளைத்தட்டும் ஒரே பத்தியில் வந்தால் கண் தடுமாறுகிறது. ‘பொய்யடி’ என்று ஒரு நண்பர் சொன்னார். யாரோ யாரையோ பொய்யாக அடித்ததுபோல இருக்கிறது. ‘கண்தட்டு’ என்பேனா?

———

> ‘கண்தட்டு’ என்பேனா?

சல்லடைக்குக் கண் உண்டு, தட்டுக்கும் இருக்கலாம். போடுங்கள். தட்டின் கண் பெரிதாகிப் போனால் தானிய உமி நழுவும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.