மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், எவ்வளவு பணம் எடுத்து வைக்கணும்?

கறவைமாடு_கொழிஞ்சாம்பாறை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கேரளத்தில் பாலக்காடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிறோம். மூத்தவள் தமிழ் மீடியத்தில் ஏழாவது முடிக்கப் போகிறாள். ஊர் யு.பி. (நடுநிலை) பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு இல்லை, ஜூன் 1 முதல் ஹைஸ்கூல். இதுவரை நடந்தே போய் வந்தாள், இனி பஸ். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஒரு நாள் வாடகை கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. என்னிடம் ரெண்டு கறவை மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன், பிள்ளைகள் செலவு எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஏப்ரல், மே வெயிலில் பசுந்தீவனம் இல்லாமல் பால் குறையும், சரியாக அதே நேரத்தில் பள்ளிச் செலவும் வந்து நிற்கும்.

பை, குடை, நோட்டு, செருப்பு, யூனிஃபார்ம் தையல் கூலி எல்லாம் சேர்த்து 6,000 ஆகும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா வேனும் டியூஷனும் சேர்த்தால் 15,000க்குக் குறையாது என்கிறார். என் நாத்தனார் பொள்ளாச்சி பக்கம் இருக்கிறார், அங்கே சேர்த்துவிடு, எல்லாமே இலவசம், காலேஜ் போனால் மாதம் 1,000 வேற தருவார்கள் என்கிறார். ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. சின்னவன் நாலாவது படிக்கிறான், அவனுக்கும் சேர்த்து யோசிக்கணும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடகரப்பதி_ரெண்டு_பெண்கள்:
அக்கா, எட்டாவதுக்கு 6,000 தாராளம். கேரளாவில் எட்டாவது முடியும் வரை பாடப்புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு, யூனிஃபார்முக்குத் துணியாகவோ பணமாகவோ உதவியும் வரும். நிஜமான செலவு அடுத்த வருசம் ஒன்பதாவதில்தான் ஏறும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரைக்கும்தான், மத்திய அரசின் மதிய உணவுப் பணமும் எட்டாவதோடு நின்றுவிடுகிறது, அதனால் மூன்றும் ஒரே வருசத்தில் கை விட்டுப் போகும். புத்தகம் சில நூறு ரூபாய்தான், அதைத் தாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு அப்படி இல்லை. தினமும் காலை 8 மணிக்குள் சோறும் ஒரு பொரியலும் டப்பாவில் போயாகணும், பக்கத்தில் உட்காரும் பிள்ளை முட்டை கொண்டுவந்தால் நம் பிள்ளையும் கேட்கும். என் மூத்தவளுக்கு அந்த வருசம் மளிகையில் மட்டும் மாதம் 700, 800 கூடியது. ஆகவே 6,000 போக மீதி ஏதாவது கையில் நின்றால் இந்த வருசமே செலவழித்துவிடாதீர்கள், ஒன்பதாவதுக்கு வையுங்கள்.

அப்புறம் குடை. நம் கிழக்குப் பக்கம் பாலக்காடு டவுன் அளவுக்கு மழை இல்லை, ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று இருக்கிறதே, ஜூன் ஜூலையில் மூணு மடக்குக் குடை பஸ் ஸ்டாப்பிலேயே மலர்ந்துவிடும், கம்பி ஒடிந்தால் அதோடு சரி. மடக்காத நீளக் குடை வாங்குங்கள், பிள்ளை சிணுங்கினாலும் பரவாயில்லை. நோட்டை மொத்தமாக மே மாதமே வாங்காதீர்கள். ஹைஸ்கூலில் பாடத்துக்கு ஒரு டீச்சர், ஒருவர் 200 பக்கம் கேட்பார், ஒருவர் கோடு போடாதது கேட்பார், முதல் வாரம் முடிந்த பிறகு கன்ஸ்யூமர்ஃபெட் (கூட்டுறவு) ஸ்டூடண்ட் மார்க்கெட் திறந்திருந்தால் அங்கே வாங்கினால் வெளிக்கடையைவிடக் குறையும்.

இன்னொன்றையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது கலோல்சவம், பள்ளிக் கலைவிழா. பெண் குரூப் டான்ஸில் சேர்ந்தால் உடை வாடகை, மேக்கப், பயிற்சி எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் கூடாது. அதற்கு 1,500 தனியாக இருக்கட்டும்.

எல்லைக்கு_அந்தப்புறம்:
வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறேன். உங்கள் நாத்தனார் சொன்னது பாதி சரி. இங்கே அரசுப் பள்ளியில் 12 வரை புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு 10 வரை, பிளஸ் ஒன்னில் சைக்கிள். ஆனால் அந்த மாதம் 1,000, அதாவது 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டம், ஆறாவது முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பிறகு தமிழ் மீடியம் உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்தார்கள், ஆறாவது என்ற கணக்கு மாறவில்லை. உங்கள் பெண் ஆறும் ஏழும் கேரளாவில் முடித்துவிட்டாள், எட்டில் இங்கே கொண்டுவந்தாலும் அந்தப் பணம் வராது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் என்கிறார்களே, அதற்கும் ஆறிலிருந்துதான் கணக்கு. அதை நம்பி மட்டும் மாற்றாதீர்கள். நாத்தனார் வீட்டில் விட்டால் அவள் சாப்பாட்டுக்கும் துணிக்கும் மாதா மாதம் ஏதாவது கொடுக்காமல் இருக்க மாட்டீர்கள், அதையும் எழுதிப் பாருங்கள்.

சின்னவன் விஷயம் வேறு. பையன்களுக்கும் 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் என்று அதே 1,000 வருகிறது, அதே நிபந்தனை. அவன் நாலாவதுதானே, தமிழ்நாட்டுப் பக்கம் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் ஆறாவது சேர்ப்பதற்கு முன் முடிவெடுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

மீனாட்சிபுரம்_ஆட்டோ:
வேன் வேண்டாங்க. எங்கள் பக்கம் மாதம் 1,200 கேட்கிறார்கள், பத்து மாதத்துக்கு 12,000. லைன் பஸ்ஸில் ஸ்டூடண்ட் சலுகை ரொம்பக் குறைச்சல், ஒரு நாளைக்குச் சில்லறைக் காசுதான். பிள்ளைகள் கூட்டமாகத்தான் போகும், பயப்பட ஒன்றும் இல்லை. டியூஷனும் முதல் பரீட்சை மார்க் பார்த்துவிட்டு எந்தப் பாடத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் வையுங்கள். ஓணப் பரீட்சைக்கு முன்னாலேயே எல்லாப் பாடத்துக்கும் பணம் கட்டிவிட்டு நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தமிழ்_டீச்சர்_சித்தூர்:
எல்லோரும் செலவைச் சொல்லிவிட்டீர்கள், வரவு ஒன்று இருக்கிறது. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்று மத்திய அரசு உதவித்தொகைக்கான ஒரு தேர்வு. அரசு, எய்டட் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும், ஏழாவதில் 55 சதவீத மார்க் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. ஜெயித்தால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருசத்துக்கு 12,000, நாலு வருசம். மேலே ஒன்பதாவதில் செலவு ஏறும் என்று எழுதியிருக்கிறாரே, அந்த வருசத்திலிருந்துதான் இந்தப் பணமும் வர ஆரம்பிக்கும்.

எங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகளில் எழுதக்கூடியவர்களே பலர் எழுதுவதில்லை, வீட்டில் தெரிவதில்லை, அல்லது வருமானச் சான்று கடைசி நாளில் ஓடிப்போய் வாங்கப் பார்க்கிறார்கள், எனக்கு அது பெரிய ஆதங்கம். மே மாதமே அக்ஷயா இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீஸிலிருந்து வாங்கி வையுங்கள். பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு, ஆதாரில் உள்ள பேரும் பள்ளி ரெஜிஸ்டரில் உள்ள பேரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கணும். தமிழ்க் குடும்பங்களில் அப்பா பேர் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் இருக்கும், பணம் வராமல் நிற்பதற்கு அதுவே காரணமாகிவிடும். டி.சி. வாங்கும்போதே அதைச் சரி பாருங்கள். தேர்வு மனத்திறன், பாடம் என்று ரெண்டு தாள், பள்ளியிலேயே பயிற்சி கேளுங்கள்.

கறவைமாடு_கொழிஞ்சாம்பாறை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அவளை இங்கேயே சேர்க்கிறேன், வேன் இல்லை, டியூஷன் ஓணத்துக்குப் பிறகு. 6,000ஐ வட்டிக்கு வாங்கலாம் என்று இருந்தேன். எங்கள் அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சுயஉதவிக் குழுவில், என் சேமிப்பு இருக்கிறது, குழுவுக்குள்ளேயே தரும் உள்கடன் கேட்டால் கிடைக்கும். டீச்சர், அவள் ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பள்ளியில் முன்னால். எதை மாற்றணும்?

தமிழ்_டீச்சர்_சித்தூர்:
ஆதாரை மாற்றுவது சுலபம், பிறப்புச் சான்றிதழில் பேர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதுவும் பள்ளி ரெஜிஸ்டரும் ஒத்துப்போனால் ஆதாரை மட்டும் திருத்தினால் போதும். பேர் திருத்த ரொம்பத் தடவை வாய்ப்பு கிடையாது, அதனால் படிவத்தில் எழுத்து எழுத்தாகச் சரி பார்த்துக் கொடுங்கள். வங்கிக் கணக்கை அதற்கப்புறம் தொடங்குங்கள். உள்கடன் வாங்கினால் ஓணத்துக்கு சொசைட்டி போனஸ் வரும்போது அடைக்கிற மாதிரி தவணை கேளுங்கள், வட்டிக்காரன் வாசலுக்கு வரவே வேண்டாம்.