குடும்பக் குழு: மலரின் தியானப் பயிற்சியும் திதியும்

ராஜம் அத்தை: மலர் புத்த பிக்குணி ஆகப் போகிறாளாமே? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்த்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் போய் ஒரு வருடம்கூட நிறையவில்லை.

சரவணன்: இல்லை அத்தை. பத்து நாள் தியானப் பயிற்சி. பகாங், கம்பாங்கில்.

பெரியம்மா: அப்போது திதி?

சரவணன்: அதுதான் சிக்கல். ஆறாம் நாளில் விழுகிறது.

சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். இது கோயங்கா என்ற தியான ஆசிரியரின் முறை. அவர் பர்மாவின் மண்டலேயில் 1924-இல் இந்து வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தீராத ஒற்றைத் தலைவலியோடு ஊ பா கின் என்ற பர்மிய ஆசிரியரிடம் போய்த் தியானம் கற்றவர். 1969 முதல் இந்தியாவில் கற்பித்தார். யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். அலையும் மனம் அடங்குவதற்காக. நான்காம் நாள் விபாசனா. தலை முதல் கால்வரை உடலில் எழும் உணர்வுகளை விருப்பு வெறுப்பின்றிப் பார்ப்பது. கால் மரத்தாலும் சரி, சுகமாக இருந்தாலும் சரி, இரண்டும் மாறிவிடும் என்பதை நேரில் காண்பதுதான் பாடம்.

பெரியம்மா: சாப்பாடு?

சித்தப்பா: சைவம். கட்டணம் கிடையாது. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது.

ராஜம் அத்தை: விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவார்களாம். அவளே தூக்கமின்றித் தவிக்கிறாள்.

சித்தப்பா: அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், மலர். பயமாக இருந்தால் மகாசி என்ற பர்மியத் துறவியின் முறையில் வீட்டிலேயே தொடங்கு. வயிறு எழும்போது "எழுகிறது", தணியும்போது "தணிகிறது" என்று மனத்துக்குள் குறித்துக்கொள். பிரிக்பீல்ட்ஸ் புத்தர் கோயிலான மகா விகாரையிலும் விசாரிக்கலாம், 1894-இலிருந்து இருக்கிறது.

பெரியம்மா: விசாகத் தேர் பார்த்தோமே, அதுவா? வண்டி நிறுத்த இடமே கிடைக்காது.

குமார் மாமா: செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகலாம். திதிச் சமையலுக்குப் பெரிய அண்டா யாரிடம்?

ராஜம் அத்தை: தைப்பிங் வீட்டில். பங்கு பிரித்தபோது எனக்கு அதைக்கூடத் தரவில்லை.

சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம் ராஜம்.

மலர்: எல்லாவற்றையும் படித்தேன். பிக்குணி ஆகவில்லை அத்தை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வாசனைதான் வருகிறது. மூச்சைக் கவனித்து உட்காரும்போது மட்டும் விலகுகிறது. முறையாகக் கற்க வேண்டும். ஆனால் திதியன்று நான் இல்லாவிட்டால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்குமோ?

ராஜம் அத்தை: அண்ணன் உன்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை அம்மா.

சரவணன்: திதி கொடுக்க நான் இருக்கிறேன் அக்கா. இடையில் எழுந்து வர முடியாது. அடுத்த பயிற்சியில் இடம் கேட்டுப் பார்க்கவா?

மலர்: கேள். பதில் வரும்வரை இந்த இடத்தை விட்டுக்கொடுக்காதே.

பெரியம்மா: ஐயரிடம் நேரம் யார் கேட்பது?

குமார் மாமா: அண்டாவுக்கு நான் தைப்பிங் போகட்டுமா, வேண்டாமா?