வகுப்பறையில் நாட்டார் கதைகளும் விடுகதைகளும்: வேண்டுமா, வேண்டாமா?

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
பாடத்தை முடிக்கவே நேரம் போதாதபோது நாட்டுப்புறக் கதையும் பாட்டும் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு விடுகதை கேட்டு வருமாறு என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் சிறுவன் ஒருவன், மறுநாள் தானாகவே எழுந்து, "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்ட, ஒருவன் கண்பட்டு உடைஞ்சுதாம்" என்று ஆச்சி சொன்னதைச் சொன்னான். தேன்கூடு என்ற விடை வருவதற்குள், தச்சர் என்றால் யார், கண்பட்டால் உடையுமா, தேனீ ஏன் ஆறு பக்கம் வைத்துக் கட்டுகிறது என்று வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது. பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு 'பிசி' என்று விடுகதையையும் ஏழு இலக்கிய வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்திருக்க, அதைப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்குவது முறையா?

இரு பிள்ளைகளின் தந்தை:
விடுகதையோடு நின்றால் எனக்கும் மறுப்பில்லை, அம்மா. ஆனால் சலவைத் தொழிலாளியை மடையனாகக் காட்டும் கதையும், பெண்ணைப் பழிக்கும் பழமொழியும் அதே வாசல் வழியாகத்தான் வகுப்பறைக்குள் வருகின்றன. நான் நான்காம் வகுப்பில் படித்தபோது அப்படியொரு கதையை ஆசிரியர் நடித்தே காட்டினார். கதை முடிவதற்குள் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என் அப்பா வெள்ளாவி வைத்து வெளுத்துத் தந்த சட்டையைத்தான் அன்று நான் போட்டிருந்தேன். அந்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. என் அச்சமே அதுதான்.

நாட்டார் கதை சேகரிப்பவர்:
சேகரிப்பவர் கேட்டதைக் கேட்டபடியே பதிவுசெய்ய வேண்டும். அதில் சாதி இழிவு இருந்தால் அதுவும் நம் சமூகத்தைப் பற்றிய சான்று. ஆனால் சேகரிப்பு வேறு, வகுப்பறை வேறு. பாலியல் கதைகளையும் ஒதுக்காமல் திரட்டிய கி. ராஜநாராயணன், அவற்றைப் பெரியவர்களுக்கென்று தனி நூலாகவே தந்தார். அதற்காகச் சிற்றன்னையின் கொடுமையையும் பேயையும் நீக்கி, 'கெணறு' என்று வருவதையெல்லாம் 'கிணறு' ஆக்கி, சப்பென்ற பாடமாக மாற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன். குழந்தைக்கு அச்சம் வரலாம், அவமானம் வரக்கூடாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
ஐயா, உங்களுக்கு நேர்ந்ததைப் படித்தபின் உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தக் கதை வகுப்பறைக்கு வரவே கூடாது. ஆனால் வாய்மொழிக் கதைக்கு மாறாத மூலம் என்று ஒன்றில்லை. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பாட்டிமார் கூட்டியும் குறைத்தும் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்த உரிமை ஆசிரியருக்கும் உண்டு என்பதே என் வாதம்.

இரு பிள்ளைகளின் தந்தை:
கேட்பவருக்கேற்பக் கதை மாறும் என்பது உங்கள் பாட்டியின் திண்ணையில் உண்மையாக இருக்கலாம். எங்கள் ஊரில், துணி மூட்டையோடு என் அப்பா எதிரிலேயே நின்றபோதும், கதை சொன்னவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆகவே எந்தக் கதையைச் சொல்வது என்ற தெரிவை ஆசிரியரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட என்னால் முடியாது. பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் அந்தக் கதைகளைப் பெற்றோரை அழைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். என் பிள்ளைகளின் பள்ளியில் அப்படி அழைத்தால், வேலைக்கு விடுப்பு எடுத்தாவது நான் வந்து உட்காருவேன்.